செம்மண் சடக்கில் ஒரு லேண்ட்ரோவர்

பாட்டிக்கு என் காடி பிடிக்கவில்லை. அதை முதன்முதலில் புந்தோங் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று அவர் பின்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே போனால், கீரையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றுகொண்டிருக்கிறார். "யாருடா வந்திருக்கா, ஜீப்பு சத்தம் கேக்குது?" என்றார். அவருக்குக் காது பாதிதான் கேட்கும். டிவியைத் தெருமுனை வரை கேட்கிற மாதிரி வைத்துக்கொள்பவர். இந்தச் சத்தத்தை மட்டும் இரண்டு சுவர் தாண்டிப் பிடித்துவிட்டார். ஏன் எழுந்து நின்றீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாரா தெரியாது.

காடி 1967ஆம் ஆண்டு லேண்ட்ரோவர். சீரிஸ் 2ஏ, 88 அங்குலச் சக்கர இடைவெளி, 2286 சிசி பெட்ரோல் இஞ்சின். முன்விளக்குகள் இரண்டும் கிரில்லுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு மாறுகண் போல் பார்க்கும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவை இரு பக்க மட்கார்டுகளுக்கு நகர்ந்துவிட்டன. அதனால் இந்த முகத்துக்கு ஒரு தனிக் கிராக்கி. கோப்பெங் பக்கம் டுரியான் தோப்பு வைத்திருந்த சீனப் பெரியவர் ஒருவரிடம் வாங்கினேன். லேண்ட்ரோவர் என்பது நான் சொல்லும் பெயர். பாட்டிக்கும் அப்பாவுக்கும் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அது ஜீப்புதான். நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற எந்த வண்டியும் ஜீப்புதான்.

அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. லேண்ட்ரோவர் பிறந்ததே ஜீப்பிலிருந்துதான். ரோவர் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவிலிருந்த தன் பண்ணையில் போர் முடிந்து மிஞ்சிய அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அது ஓய்ந்துபோனால் அடுத்து எதை வாங்குவது என்ற கேள்விக்கு, 1947இல் ரெட் வார்ஃப் பே கடற்கரை மணலில் ஒரு படம் வரைந்து பதில் சொன்னார் என்பது கதை. லேண்ட்ரோவரைப் பற்றி ஆங்கிலத்தில் வருகிற பளபளப்பான படப் புத்தகங்கள் எல்லாம் இந்த மணலில்தான் தொடங்கும். பிறகு 1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சி, பச்சை நிறத்தில் முதல் வண்டி. பிறகு ஆப்பிரிக்கப் பாலைவனம், சிங்கம், அரசியார். மலாயா வந்தாலும் இரண்டு வரியில் போய்விடும்.

அந்தப் புத்தகங்கள் சொல்லும் ஒரு தகவலை மட்டும் நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். லேண்ட்ரோவரின் உடல் அலுமினியக் கலவை. காரணம் அழகோ எடையோ இல்லை, பஞ்சம். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுக்குக் கட்டுப்பாடு. நாடு கழுத்தளவு கடனில் நின்றது. அமெரிக்க டாலர் வேண்டும். வெளிநாட்டுக்கு எவ்வளவு விற்கிறாயோ அதற்கேற்ப எஃகு என்று அரசாங்கம் பங்கிட்டது. விமான உற்பத்தியில் புழங்கிய அலுமினியம் கிடைத்தது, படையில் மிஞ்சிய பச்சைச் சாயமும் கிடைத்தது. ஏற்றுமதிக்கென்றே பிறந்த வண்டி அது. அதே நேரத்தில் ஸ்டெர்லிங் நாணயம் புழங்கிய நாடுகளிலேயே அதிகமாக டாலர் சம்பாதித்துக் கொடுத்தது எது? மலாயாவின் ரப்பரும் ஈயமும். ஈயத்துக்குக் கிந்தா பள்ளத்தாக்கு. ரப்பருக்கும் பேரா மாநிலம் ஒரு தொடக்கப்புள்ளி: ஹியூ லோ 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் அந்த ஊரில் மரமாக, வேலி போட்ட பெரிய மனிதராக நிற்கிறது. லண்டனுக்கு டாலர் வேண்டும் என்பதால் சோலிஹல்லில் லேண்ட்ரோவர் செய்தார்கள். அதே டாலருக்காகத்தான் என் கொள்ளுப்பாட்டி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு போனார். ஒரே கடன், இரண்டு கோடியில் இரண்டு கூட்டம் அதை அடைத்துக்கொண்டிருந்தது.

ஜீப்புக்கு முன்னால் தோட்டத்தில் என்ன ஓடியது? மாட்டு வண்டி. தொழிலாளிக்குக் கால். பாலைக் காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் வைத்து, மேடு பள்ளம் ஏறி இறங்கி ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். கிராணிக்கு சைக்கிள். துரைக்கு மோட்டார் சைக்கிளோ சின்ன ஆஸ்டின், ஃபோர்டு காடியோ இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் செம்மண் சடக்கு வழுக்கினால் அவரும் நடக்கத்தான் வேண்டும். அதாவது, மழையில் துரை வர முடியாத மூலைகள் தோட்டத்தில் இருந்தன. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. "மழ பேஞ்சா அந்தக் காட்டுக்குத் தொர வரமாட்டாரு, மண்டோரு மட்டும்தான்" என்று பாட்டியே சொல்லியிருக்கிறார், அவருடைய அம்மா சொன்னதாக. ஜீப்பு அந்த மூலைகளை இல்லாமல் செய்துவிட்டது. நான்கு சக்கர விசை என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் வண்டி வந்து சரியாக 47 நாள். 1948 ஜூன் 16, காலை. ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்து நிர்வாகி ஆர்தர் வாக்கர் தன் அலுவலகத்தில் சுடப்பட்டார். சில கட்டை தள்ளி இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன், அவருடைய உதவியாளர் இயன் கிறிஸ்டியன் என்ற இளைஞர். மூவரும் ஒரே காலையில். பேராவின் சில பகுதிகளிலும் ஜொகூரிலும் அன்றே அவசரகாலம். இரண்டு நாளில் மலாயா முழுமைக்கும். பன்னிரண்டு ஆண்டு கழித்து 1960 ஜூலை 31இல்தான் அது முடிந்தது. போர் என்று அறிவித்தால் லண்டன் காப்புறுதிக் கம்பெனிகள் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் நட்டஈடு தராது, அதனால்தான் 'அவசரகாலம்' என்ற சாதுவான பெயர் என்று சொல்வார்கள்.

வாக்கரைச் சுட்டவர்கள் சைக்கிளில் வந்தார்கள், சைக்கிளில் போனார்கள். அடுத்த பன்னிரண்டு ஆண்டுப் போரை நினைத்தால் இந்த விவரம் என்னை விடுவதில்லை. ஒரு பக்கம் சைக்கிளும் காட்டுக்குள் கால்நடையும். இன்னொரு பக்கம் லோரி, கவச வண்டி, லேண்ட்ரோவர். தோட்டத்துச் சடக்கில் வளைவுகளும் வெட்டு மேடுகளும் அதிகம்; பதுங்கியிருந்து சுட இதைவிட வசதி கிடையாது. காட்டுக்குள் காடியில் போக முடியாது, சடக்கில் காடி இல்லாமல் போக முடியாது. 1951 அக்டோபர் 6இல் பிரேசர் மலைப் பாதையில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னியே ஒரு வளைவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் போனது ரோல்ஸ் ராய்ஸில்.

துரைமார்கள் தங்கள் காடிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். உள்ளூர்ப் பட்டறைகள் இதைச் செய்துகொடுத்தன. கண்ணாடி இருந்த இடத்தில் தகடு, பார்க்க ஒரு கீற்று. அந்தக் காலப் படங்களில் லேண்ட்ரோவர்கள் தகரப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கின்றன. நம் ஊர் வெயிலில் அதற்குள் உட்கார்ந்து போவதை யோசித்துப் பாருங்கள். என் வண்டியில் தகடும் இல்லை, ஒன்றும் இல்லை. மத்தியான நேரத்தில் இருபது நிமிடம் ஓட்டினாலே சட்டையைப் பிழியலாம். பட்டை ஸ்பிரிங்குகள் அத்தனை எடையையும் தாங்க வேண்டும், பிரேக்கும் அதை நிறுத்த வேண்டும்.

பல படங்களில் துரை காடிக்குப் பக்கத்தில் ரைபிளோடு நிற்பார். பின்னால் சிறப்புக் காவலர்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சில படங்களில் ஒரு கை தெரியும், அல்லது பாதி முகம். படக் குறிப்பில் துரை பெயர் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும், சில சமயம் நாயின் பெயரும் இருக்கும். அந்தப் பாதி முகத்துக்குப் பெயர் இருப்பதை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஜீப்பு டிரைவர் என்பது தோட்டத்தில் ஒரு விநோதமான பதவி. பால்வெட்டுக்கு மேலே, கிராணிக்குக் கீழே. காக்கிச் சட்டை, காலில் சப்பாத்து. துரை எங்கே போனார், யாரோடு பேசினார், எப்போது கோபமாக இருக்கிறார் எல்லாம் அவருக்குத் தெரியும். லயத்துக்காரர்கள் அவரிடம் இதமாகப் பேசுவார்கள், முழுதாக நம்பமாட்டார்கள். அவசரகாலத்தில் அந்த இருக்கைக்கு இன்னொரு அர்த்தமும் வந்தது. பதுங்கியிருப்பவன் முதலில் நிறுத்த வேண்டியது காடியை. காடியை நிறுத்த முதலில் யாரைச் சுடுவான்?

தமிழர்களை இந்தக் காலக் கதையில் ஓரத்தில் நின்றவர்களாகவே காட்டுவது வழக்கம். அது சரியில்லை. போருக்குப் பின் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்களில் தமிழர்கள் முன்னால் நின்றார்கள். தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். முந்திய நாள் பி.வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அதன்பின் சங்கம் என்று பேசவே ஆட்கள் பயந்தார்கள். 1950இலிருந்து பிரிக்ஸ் திட்டம். காட்டோரம் இருந்த சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு நகர்த்தப்பட்டார்கள். தோட்டத்து லயங்களையும் ஒன்றுசேர்த்து வேலிக்குள் கொண்டுவந்தார்கள். காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக வேலைக்காட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகத் தடை. கேட்டில் சோதனை.

1948இல் பாட்டிக்குப் பத்து வயது. வேலி வந்தபோது பன்னிரண்டு பதின்மூன்று. கொரியப் போரால் ரப்பர் விலை எகிறிய காலமும் அதுதான். "அப்ப காசு இருந்துச்சு, சோறுதான் காட்டுக்குக் கொண்டுபோவ முடியாது" என்பார். வாளியைத் திறந்து காட்ட வேண்டும், தலைத்துணியை உதறிக் காட்ட வேண்டும். பெண்களைச் சோதிக்கப் பெண்களே இருந்தார்கள். சைக்கிள் டியூபுக்குள் அரிசி அடைத்துக் கொண்டுபோன கதைகளைத் தோட்டத்துக்குத் தோட்டம் சொல்வார்கள். பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது ஜீப்பு சத்தம் முதலில் கேட்கும், வெளிச்சம் பிறகுதான் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிட வேண்டும்.

ஆனால் அதே ஜீப்பில்தான் பாட்டியின் அத்தை ஒருவரைப் பிரசவ வலியோடு நள்ளிரவில் ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊரடங்கு நேரம். துரை அனுமதி கொடுத்தார், டிரைவர் ஓட்டினார். விளக்கைப் போட்டால் ஆபத்து, போடாவிட்டால் போலீஸ் சுடும். பிள்ளை பிழைத்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் பாட்டி 'ஜீப்பு' என்ற சொல்லை வேறு குரலில் சொல்வார்.

சுதந்திரத்தை ஒட்டித் துரைமார்கள் கிளம்பினார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. துண்டாடல் என்ற சொல்லை எங்கள் வீட்டில் சாவைச் சொல்லும் தொனியில்தான் சொல்வார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சுங்கை சிப்புட்டிலேயே பிறந்து அமைச்சரான வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்றவர்கள் ஒரு தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். எங்கள் தோட்டம் அப்படி வாங்கப்படவில்லை. தாத்தா கட்டிய பத்து வெள்ளிக்கான ரசீது இன்னும் இருக்கிறது, சாமி படத்துக்குப் பின்னால்.

நிலத்தைத் துண்டாகப் பிரிக்கலாம், காடியைப் பிரிக்க முடியாது. துரைமார்களின் லேண்ட்ரோவர்கள் மரம் வெட்டுகிறவர்களிடமும் காய்கறித் தோட்டக்காரர்களிடமும் பழத்தோப்புக்காரர்களிடமும் போய்ச் சேர்ந்தன. ராணுவமும் போலீசும் கழித்துவிட்ட வண்டிகளும் ஏலத்தில் அதே கைகளுக்குப் போயின. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினால் அவற்றை இன்றும் பார்க்கலாம். கதவு இல்லாமல், கூரை இல்லாமல், முட்டைக்கோஸ் கூடைகளை மலையாக அடுக்கிக்கொண்டு சேற்றுச் சரிவில் இறங்கும். உலகத்தில் வேறெங்கும் அருங்காட்சியகத்தில் வைத்துத் துடைக்கிற மாதிரி வண்டிகள் அங்கே உரமூட்டை சுமக்கின்றன. 2015இல் தயாரான இருபது லட்சமாவது வண்டியை லண்டனில் 4 லட்சம் பவுண்டுக்கு ஏலம் எடுத்தார்கள். கேமரன் மலைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இனி வைத்திருக்கும் கஷ்டம். அலுமினிய உடல் துருப்பிடிக்காது என்று நம்பித்தான் எல்லோரும் வாங்குகிறோம். உடலுக்கு அடியிலிருக்கும் சேசிஸ் எஃகு. காலடியிலும் டாஷ்போர்டுக்குப் பின்னாலும் இருக்கும் முன்தடுப்புச் சுவரும் எஃகு. பேராவின் மழைக்கு அவை உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே பார்த்தால் கம்பீரம், சுத்தியலால் தட்டினால் பிஸ்கோத்து. நான் வாங்கி மூன்றாவது மாதம் சேசிஸின் பின்பகுதியை வெட்டியெடுத்து வேறு பற்றவைத்தோம். செலவைச் சொன்னால் அப்பா இதை வாசிக்கக்கூடும்.

சீரிஸ் 2ஏயில் முதல் கியரும் இரண்டாம் கியரும் எளிதில் விழாது. மூன்றிலிருந்து இரண்டுக்கு வர கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து விட்டு, கொஞ்சம் எண்ணெய் கொடுத்து, மறுபடி மிதித்து, பிறகு கியர். தவறினால் பல்லைக் கடிக்கும் சத்தம். மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். சிவப்புக் குமிழ் வைத்த தண்டை வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் இழுத்தால் கீழ் வரிசை. அதன்பிறகு எருமை மாதிரி, வேகமே கிடையாது, நிற்கவும் நிற்காது. லிட்டருக்கு ஆறு ஏழு கிலோமீட்டர். ஜன்னல் கண்ணாடி ஏற்றி இறக்குவது இல்லை, பக்கவாட்டில் தள்ளுவது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம். நடுவில் இருப்பவர் கியர் மாற்றும்போதெல்லாம் காலை நகர்த்த வேண்டும்.

எண்ணெய் ஒழுகும். லேண்ட்ரோவர் எண்ணெய் ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பது இந்த வண்டிக்காரர்களின் பழைய நகைச்சுவை. எங்கள் வாசல் சிமெண்டில் நான்கு கருப்பு வட்டங்கள் விழுந்ததும் பாட்டி ஒன்றும் பேசாமல் பின்பக்கம் போய்ப் பூச்செடிகளிடையே கவிழ்த்து வைத்திருந்த பழைய பால் மங்குகளில் நாலைக் கொண்டுவந்து ஒவ்வொன்றின் கீழேயும் வைத்தார். அளந்து வைத்த மாதிரி சரியாகச் சொட்டு விழும் இடத்தில். காலையில் எழுந்து முதல் வேலையாக அவற்றை ஒரு டின்னில் வடிப்பார். அறுபது வயது வரை செய்த வேலை.

ஈப்போவில் பழைய பட்டறைத் தெருவில் என் போமன் ஒரு சீனர், எழுபதைத் தாண்டியவர். தமிழ் நன்றாகப் பேசுவார், தோட்டத்து லோரிகளைப் பழுதுபார்த்துப் பழகியது. அவரிடம் வண்டியை விட்டால் மூன்று வாரம் திரும்பிப் பார்க்கக் கூடாது. பெட்டி திறந்து பாகம் தேடும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கதை சொல்வார். இந்த வண்டிகளின் உண்மையான வரலாறு அவருடைய கிரீஸ் படிந்த பெட்டிகளில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் பையன் சிங்கப்பூரில் கணக்காளர்.

வாரக்கடைசிகளில் பழைய வண்டிக்காரர்கள் கூடுவோம். நல்ல மனிதர்கள், நடுவழியில் நின்றுபோனால் நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தும் கயிறோடு வருவார்கள். அங்கே பேச்சு எப்போதும் 'அந்தக் காலம்' பற்றியது. சிலர் காடிக்குத் தோட்டக் கம்பெனிகளின் பழைய முத்திரைகளை வரைந்துகொள்வார்கள். ஒருவர் கதவில் 'துவான் பெசார்', அதாவது பெரிய துரை, என்று எழுதியிருந்தார். விளையாட்டுக்குத்தான். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறுத்தியது. சேற்றில் இறங்குவதும் அப்படித்தான். 1997இலிருந்து இந்த நாட்டில் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற பந்தயம் நடக்கிறது. மழைக்காலத்தில் காட்டுச் சேற்றில் இறங்கி ஏறுவதற்கு உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். அதை நான் ரசித்துப் பார்ப்பேன். ஆனால் பாட்டியிடம் காணொளியைக் காட்டியபோது, "இவனுங்களுக்கு யாரு கூலி குடுக்குறா?" என்று கேட்டார்.

போன ஆண்டு பாட்டி தானாகவே கேட்டார், பழைய தோட்டத்துக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று. ரப்பர் எப்போதோ போய் எல்லாம் செம்பனை. லயங்களை இடித்தாகிவிட்டது. கோயில் மட்டும் இருக்கிறதாம். சித்தப்பா இதற்கு முன் இருமுறை தன் மைவியில் போய், கேட்டில் விசாரித்துத் திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர். நான் லேண்ட்ரோவரில் போனேன். பாட்டியைத் தூக்கித்தான் முன்னால் உட்காரவைத்தேன். படி அவ்வளவு உயரம்.

கேட்டில் இருந்த காவலர், நேபாளி இளைஞன், வண்டியைப் பார்த்ததும் தடுப்பைத் தூக்கிவிட்டு சல்யூட் அடித்தான். பெயர்கூடக் கேட்கவில்லை. நான் கையைத் தூக்கி ஏற்றுக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. பாட்டி திரும்பித் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

உள்ளே மழை பெய்து சடக்கு குழம்பியிருந்தது. மஞ்சள் குமிழை அழுத்தினேன். வரிசை வரிசையாகச் செம்பனை; எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. எனக்கு வழி தெரியவில்லை. பாட்டி மேட்டையும் பள்ளத்தையும் வைத்துக் கண்டுபிடித்தார். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். புல்தான் இருந்தது. "இங்கதான் பெரட்டு. ஜீப்பு இந்த எடத்துலதான் நிக்கும், மூஞ்சி அங்கிட்டுப் பாத்து." நான் வண்டியை நிறுத்தியிருந்ததும் அதே திசையைப் பார்த்துத்தான். "டிரைவரு எறங்கவே மாட்டாரு. இஞ்சின அணைக்காம ஒக்காந்திருப்பாரு."

நான் இஞ்சினை அணைத்தேன்.

"அவரு பேரு என்ன பாட்டி?"

கொஞ்ச நேரம் யோசித்தார். அவருடைய மனைவியின் பெயர் ஞாபகம் வந்தது. மூன்று பிள்ளைகளின் பெயர் வந்தது, அவர்கள் வளர்த்த ஆட்டின் பெயர்கூட வந்தது.

"டிரைவருன்னுதான்டா கூப்புடுவோம்" என்றார்.